பம்ப்காரன் பெயர் இல்லாத கல்

துறைமுகத் தெருவில் தலைவி என்றால் அவள் ஒருத்திதான். கட்சியும் கிடையாது, கொடியும் கிடையாது. மூழ்கிப்போன கப்பலின் குடும்பங்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். அந்தச் சங்கத்துக்குத் தலைவி. மற்ற நேரமெல்லாம் பள்ளிச் சீருடை தைக்கிற தையல்காரி. மடியில் பாதி தைத்த கால்சட்டையைப் போட்டுக்கொண்டே கடற்படைத் தலைமையகத்துக்குப் போன் போட்டு, "பெரிய ஐயா இல்லைன்னா அவருக்கும் பெரியவர் யாராவது இருப்பாரில்ல, அவரைக் குடுங்க" என்று கேட்கக்கூடிய ஆள்.

அந்தக் கப்பல் நடுக்கடலில் மூழ்கவில்லை. அதுதான் வயிற்றெரிச்சல். சொந்தத் துறைமுகத்தில், மொட்டைமாடியில் ஏறினால் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் நின்றுகொண்டிருந்தது. சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. இரண்டு நாட்டுப் பெரிய மனிதர்களும் கைகுலுக்கிச் சிரிக்கிற படம் அன்றைக் காலைப் பேப்பரில் வந்திருந்தது. அந்தப் பேப்பர் வீடு வந்து சேர்வதற்குள், மீன்பிடிப் படகுகளுக்குப் பின்னால் ஒளிந்து வந்த எதிரியின் படகுகள் டார்பிடோவை விட்டுவிட்டுப் போய்விட்டன. முதல் அடி கீழ்த்தளத்தில், கொதிகலன் அறையில். அதில் போனவர்கள் போக, மேல்தளத்தில் எண்ணெய்த் தீயில் வெந்து போனவர்கள் அதைவிட அதிகம். சிரித்துப் பேசிக்கொண்டே முதுகில் குத்தினான் பாவி என்று ஊரே அந்த நாட்டைச் சபித்தது. சபிக்கட்டும், தப்பில்லை. ஆனால் முதுகில் குத்துகிறவன் எல்லைக்கு அந்தப் பக்கம்தான் இருப்பான் என்று யார் சொன்னது?

தலைவியின் கணவன் கொதிகலன் பார்க்கிறவன். அடி விழுந்த வேளை அவனுடைய முறை. தன் இடத்தை விட்டு நகராமல் உயிர் நீத்தவர் என்று சொல்லிப் பதக்கம் கொடுத்தார்கள். உடல் கிடைக்கவில்லை. அந்த அறையிலிருந்து எதுவுமே கிடைக்கவில்லை. மகள் அப்போது தவழ்கிற குழந்தை. தலைவியின் அக்கா வந்து, "உனக்கென்னடி வயசாச்சு, இன்னொரு கல்யாணம் பண்ணிக்கோ" என்று மன்றாடிப் பார்த்தாள். "நின்ன இடத்துல நின்னு செத்த மனுஷனுக்கு நான் துரோகம் பண்ண மாட்டேன்" என்று இவள் ஒரே போடாகப் போட்டாள். அக்கா அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. தையல் மிஷினுக்கு மேலே அவன் படம் மாட்டியிருந்தது. அளவு கொடுக்க வருகிற பிள்ளைகள் கையைத் தூக்கிக்கொண்டு அதையே பார்த்தபடி நிற்பார்கள்.

செத்தவர்களுக்கு ஒரு நினைவுக்கல் வேண்டும் என்று அவள் ஏறி இறங்காத படி இல்லை. போன இடத்திலெல்லாம் நாளைக்கு வா, அடுத்த மாதம் வா என்று அலைக்கழித்தார்கள். இவளா விடுகிறவள்? கண்ணில் விரலை விட்டு ஆட்டினாள். கடைசியில் துறைமுக முகப்பில் கறுப்புக் கல் ஒன்று நிறுத்தலாம், எல்லார் பெயரையும் செதுக்கலாம் என்று ஒத்துக்கொண்டார்கள். எல்லார் பெயரையும், ஒருவனைத் தவிர.

அந்த ஒருவன் பம்ப்காரன். மேல்தளத்தில் தீயணைக்கும் பம்ப் ஒன்று இருந்தது. கப்பலே நின்றுபோனாலும் அது தனியாக டீசலில் ஓடும். அதைக் கிளப்ப ஒரு ஆள் பக்கத்திலேயே இருந்தாக வேண்டும். தீப்பிடித்தபோது அந்த ஆள் அங்கே இல்லை. தப்பித்து வந்தவர்கள் எல்லாரும் விசாரணையில் ஒரே வாக்காக அதைச் சொன்னார்கள். காவலிடத்தைக் கைவிட்டவன் என்று தீர்ப்பெழுதி மூடிவிட்டார்கள். எங்கேயாவது படுத்துத் தூங்கியிருப்பான் என்றார்கள் சிலர். முதல் சத்தத்துக்கே பயந்து கடலில் குதித்திருப்பான் என்றார்கள் சிலர். அவனும்தான் செத்தான். ஆனால் அவனுக்காக அழ அவன் அம்மாவைத் தவிர நாதியில்லை.

அந்த அம்மாவைத் தெருவில் எல்லாரும் பெரியம்மா என்பார்கள். சங்கக் கூட்டத்துக்குத் தவறாமல் வந்து கடைசி நாற்காலியில் உட்காருவாள். பக்கத்து நாற்காலி எப்போதும் காலியாகக் கிடக்கும். "உங்க மகன் அந்தக் கைப்பிடியைத் திருப்பியிருந்தா எங்க வீட்டுக்காரர் பொழைச்சிருப்பாரு" என்று ஒருத்தி நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி முகத்துக்கு நேரே கேட்டாள். பெரியம்மா கோபப்படவில்லை. "எம் புள்ள காரணமில்லாம நகர மாட்டாம்மா" என்றாள். அவ்வளவுதான், வேறு வாதம் தெரியாது அவளுக்கு. அன்றைக்குத் தலைவிதான் முன்வரிசையிலிருந்து எழுந்துபோய் அந்தக் காலி நாற்காலியில் உட்கார்ந்தாள். சும்மா சொல்லக்கூடாது, நல்ல மனசுதான். அதிலிருந்து இரண்டு பேரும் தாயும் மகளும் போல ஆகிவிட்டார்கள். தலைவி அலுவலகம் அலுவலகமாக அலைந்த காலத்தில் அவள் மகளைக் குளிப்பாட்டித் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியது பெரியம்மா.

ஆனால் கல் விஷயம் வந்தபோது தலைமையகம் பிடித்த பிடியை விடவில்லை. விசாரணையில் குற்றவாளி என்று முடிவானவன் பெயர் கல்லில் வரக்கூடாது. சங்கத்திலும் பாதிப் பேர், "அவன் பேருக்குப் பக்கத்துல எங்க பேரா?" என்று குதித்தார்கள். தலைவி பெரியம்மா வீட்டுக்குப் போய் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு பேருக்காக மத்த பேரெல்லாம் நிக்குது பெரியம்மா. நீங்க தடை சொல்லலைன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா கல்லு வந்துடும்."

பெரியம்மா அவள் கையைத் தட்டிக்கொடுத்தாள். பிறகு, "உனக்குச் சரின்னு பட்டா எனக்கும் சரிதாம்மா. மத்த புள்ளைங்களும் எம் புள்ளைங்கதானே" என்றாள். தலைவிக்கு அழுகை வந்துவிட்டது. நல்ல ஆத்மா என்று நினைத்தாள். பாவம், இப்படி ஒரு பிள்ளையைப் பெற்றுவிட்டாளே என்றும் நினைத்தாள்.

கல்லில் பெயர் செதுக்கி முடித்து, திறப்பு விழாவுக்கு நாளும் குறித்தாயிற்று. விழாவில் என்ன செய்வது என்று பேசியபோது தலைவிக்கு ஒரு யோசனை தோன்றியது. கப்பலில் மாலையானால் வரிசையாக நிற்கவைத்துப் பெயர் கூப்பிடுவார்கள், ஒவ்வொருவரும் "ஆஜர்" என்று குரல் கொடுப்பார்கள். அதே போல அதிகாரி ஒவ்வொரு பெயராகப் படிக்கட்டும். செத்தவனுக்காக அவன் வீட்டு ஆள் "ஆஜர்" சொல்லட்டும். கடைசிப் பெயர் முடிந்ததும் கல்லின் மேலிருக்கும் துணியை விலக்கலாம். எல்லாரும் கைதட்டினார்கள். தப்பித்து வந்தவர்களில் ஒருவரான சமையல்காரர் மட்டும் எழுந்து வெளியே போய்விட்டார். மனுஷனுக்கு நெஞ்சடைத்துவிட்டது போலிருக்கிறது என்று தலைவி நினைத்தாள்.

சமையல்காரர் அந்தக் கப்பலின் சமையல்காரர். அதிகாலையில் மாவு பிசைந்துகொண்டிருந்தவர், தூக்கியெறியப்பட்டுத் தண்ணீரில் விழுந்து பிழைத்தார். இடது கை முழங்கைவரை வெந்துபோன தோல். இப்போது துறைமுகத் தெருவில் சின்னதாக ஒரு சாப்பாட்டுக் கடை. தலைவியை அண்ணி என்பார். அவள் மகளுக்கு அவர் சித்தப்பா. கூரை ஒழுகினால் சித்தப்பா, குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் சித்தப்பா, பள்ளியில் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வரச்சொன்னால் அதற்கும் சித்தப்பா. கூடப் பிறந்தவன் கூட இப்படிச் செய்யமாட்டான் என்று தலைவி வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருப்பாள்.

விழாவுக்கு முந்தின வாரம் ஒரு மத்தியானம் அவர் தையல்கடைக்கு வந்தார். தலைவி வெள்ளைச் சட்டைகளுக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தாள். முக்காலியில் உட்கார்ந்தவர் டீ வேண்டாம் என்றார், தண்ணீரும் வேண்டாம் என்றார்.

"அண்ணி, விழாவுக்கு ஒருத்தர் வரணுங்கறாரு."

"வரட்டுமே. ஊருக்கே பொதுவான விழா. அதுக்கு எதுக்கு மூஞ்சியை இப்படித் தூக்கி வச்சிருக்கீங்க?"

"அண்ணன் வரணுங்கறாரு."

"எந்த அண்ணன்?"

அவர் மிஷினுக்கு மேலே இருந்த படத்தைப் பார்த்தார்.

தலைவி முதலில் சிரித்தாள். "வெயில்ல சுத்தாதீங்கன்னு சொன்னா கேட்டாத்தானே" என்றாள். அவர் சிரிக்கவில்லை. அவர் முகத்தில் ஈயாடவில்லை. மிஷினின் சக்கரத்தில் வைத்த அவள் கை அப்படியே நின்றது.

"சொல்லுங்க" என்றாள். "முழுசாச் சொல்லுங்க. பூசி மெழுகினீங்கன்னா இந்தக் கத்திரியால குத்திடுவேன்."

அவர் சொன்னார். அன்றைக்கு அண்ணன் கப்பலிலேயே இல்லை. முந்தின சாயங்காலமே கரைக்கு நழுவிவிட்டார். கரையில் ஒரு பெண். கல்யாணத்துக்கு முன்பிருந்தே பழக்கம். இப்போது அவளோடுதான் வேறு ஊரில் குடும்பம், பிள்ளைகள் எல்லாம்.

"பேர் கூப்பிட்டிருப்பாங்களே?"

"கூப்பிட்டாங்க. துறைமுகத்துல நிக்கும்போது யாரும் தலையை எண்ண மாட்டாங்க அண்ணி, குரலைத்தான் எண்ணுவாங்க. ஒருத்தன் கரைக்குப் போனா இன்னொருத்தன் குரலை மாத்தி அவனுக்கும் சேர்த்து ஆஜர் சொல்லிடுவான். எல்லாரும் செய்யறதுதான். எனக்கும் சொல்லியிருக்காங்க, நானும் சொல்லியிருக்கேன். அதிகாரிக்கும் தெரியும். பேச்சுவார்த்தை நடக்குது, போர் எங்க வரப்போகுதுன்னு அவரும் கண்டுக்க மாட்டாரு."

தலைவிக்கு உலகம் சுற்றவில்லை, கண் இருட்டவில்லை. அப்படியெல்லாம் ஆகியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தெளிவாக, ரொம்பத் தெளிவாக ஒரு கேள்வி வந்தது.

"அப்போ அந்த நேரத்துல கொதிகலன்கிட்ட நின்னது யாரு?"

சமையல்காரர் தலையைக் குனிந்துகொண்டார். "ஆஜர் சொன்னவன்தான். பம்ப்காரன். ரெண்டு வேலையையும் நானே பாத்துக்கறேன், கீழ ஒரு காலு மேல ஒரு காலு, நீ போயிட்டு வான்னு அண்ணனை அனுப்பி வச்சான். அடி விழுந்தப்போ கீழ இருந்தான்."

தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். தலைவி கத்திரியை எடுத்துத் தூரமாக வைத்தாள். கையில் இருந்தால் பயம்.

"விசாரணையில உங்களையும்தானே கேட்டாங்க? அப்போ வாய்ல என்ன மண்ணா இருந்துச்சு?"

"ஆஸ்பத்திரிக்கு வந்தாரு அண்ணி. முகத்தை மூடிக்கிட்டு வந்து கால்ல விழுந்தாரு. போர்க்காலத்துல கப்பலை விட்டுப் போனது தெரிஞ்சா சுட்டுடுவாங்க, செத்தவனாவே இருந்துடறேன்னு கெஞ்சினாரு. செத்தவன் செத்துட்டான், இருக்கறவனையும் எதுக்குக் கொல்லணும்னு நானும் வாயை மூடிக்கிட்டேன். பம்ப்காரன் மேல இப்படிப் பழி விழும்னு எனக்கு அப்போ தெரியாது. தெரிஞ்சப்போ லேட்டாயிடுச்சு."

"லேட்டா? எம் மக பள்ளிக்கூடம் போயி, காலேஜ் போயி, வேலைக்கும் போயிட்டா. இத்தனை வருஷமும் லேட்டாவே இருந்துச்சா? பெரியம்மா உங்க கடையிலதானே தினமும் டீ குடிக்குது. ஊத்தும்போது கை நடுங்கலியா?"

"நடுங்கும்" என்றார் அவர்.

பொய் சொல்லவில்லை என்பது தெரிந்தது. அதனால் ஆத்திரம் அடங்கவில்லை, இன்னும் பொங்கியது. கூரை ஒழுகியபோது ஓடிவந்ததெல்லாம் பாசம் இல்லை, பாவக் கணக்கைக் கழித்திருக்கிறான். அவள் அதை அன்பு என்று நம்பி ஊரெல்லாம் தம்பட்டம் அடித்திருக்கிறாள்.

"இப்போ எதுக்கு வரணுமாம் அந்த ஆளு? செத்துப்போனதுல ஏதாவது குறை இருக்காமா?"

சமையல்காரருக்குச் சொல்லவே வெட்கமாக இருந்தது. "தன் பேரு கல்லுல எப்படி இருக்குன்னு ஒரு தடவை கண்ணால பாக்கணுமாம். கூட்டத்தோட கூட்டமா நின்னு பாத்துட்டுப் போயிடறேங்கறாரு. நான் வேண்டாம்னு எவ்வளவோ சொல்லிட்டேன். கேக்கலை. நீங்க திடீர்னு பாத்து மயக்கம் போட்டுடக் கூடாதேன்னுதான்..."

அட கடவுளே! தன் கல்லறையைத் தானே வேடிக்கை பார்க்க ஆசைப்படுகிற மனுஷனை யாராவது கேள்விப்பட்டதுண்டா? தலைவி அதையும் கேட்டாயிற்று.

"வரச் சொல்லுங்க" என்றாள்.

"அண்ணி, நீங்க ஒண்ணும்..."

"நான் என்ன பண்ணப் போறேன்? வரச் சொல்லுங்க. எழுந்து போங்க முதல்ல."

அவர் போனபிறகு அவள் வேலையைத் தொடர்ந்தாள். நாலு காலரை உள்பக்கம் வெளியே வைத்துத் தைத்துவிட்டு, பிரித்து, மறுபடியும் அதே மாதிரி தைத்தாள். யாருக்குத் துரோகம் பண்ணமாட்டேன் என்று அக்காவிடம் சொன்னோம்! வாலிபம் மொத்தத்தையும் ஒரு படத்துக்குக் கீழே உட்கார்ந்து தைத்தே தீர்த்தாயிற்று. அந்தப் படத்தில் இருக்கிறவன் எங்கேயோ மூன்றுவேளை சாப்பிட்டு, பிள்ளை பெற்று, கொட்டாவி விட்டுக்கொண்டு இருந்திருக்கிறான். அழலாம் என்று பார்த்தாள். அவனுக்காக அழவேண்டிய கண்ணீரெல்லாம் எப்போதோ தீர்ந்துபோயிருந்தது.

இதெல்லாம் அவள் பாடு. அதைவிடப் பெரிய முள் ஒன்று தொண்டையில் நின்றது. கல்லில் இவன் பெயர் இருக்கிறது, இவனுக்காகச் செத்தவன் பெயர் இல்லை. இல்லாமல் செய்தது யார்? கையைப் பிடித்துக்கொண்டு நைச்சியமாகப் பேசிச் சம்மதிக்க வைத்தது யார்? உண்மையைச் சொன்னால் சங்கத்தின் மானம் போகும், மகள் தலைகுனிவாள், கல்லே நின்றுபோகும். சொல்லாவிட்டால் பம்ப்காரன் உலகம் உள்ளவரை ஓடிப்போனவன்தான்.

முதலில் பெரியம்மாவிடம் சொல்லிவிடலாம் என்று அவள் வீட்டுக்குப் போனாள். ஒற்றை அறை வீடு. பெரியம்மா இருந்ததிலேயே நல்ல துணியை எடுத்து இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"விழாவுக்குத்தாம்மா. நான் எங்க நிக்கட்டும்? பின்னாடி ஓரமா நின்னுக்கறேன், யாருக்கும் சங்கடம் வேண்டாம்."

தலைவி வாயைத் திறந்தாள். இத்தனை அதிகாரிகளை வாயாலேயே வறுத்தெடுத்தவளுக்கு ஒரு கிழவியிடம் நாலு வார்த்தை சொல்ல முடியவில்லை. "துணி கருகிடப் போகுது பெரியம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

மகளிடம் விழாவன்று காலையில்தான் சொன்னாள். மகள் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிறவள். அப்பாவின் பதக்கத்தைச் சட்டையில் குத்திக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றாள். தலைவி கட்டிலில் உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல் போட்டு உடைத்தாள்.

மகள் திரும்பினாள். "அப்பா உயிரோட இருக்காரா?"

ஒரே ஒரு கணம்தான். அந்த ஒரு கணம் மகளின் முகத்தில் தெரிந்தது சந்தோஷம். கலப்படமில்லாத சின்னப்பிள்ளைச் சந்தோஷம். அப்புறம் எல்லாம் புரியப் புரிய அது வடிந்துபோனது. தலைவிக்குக் கணவன் போனது கூட அப்படி வலிக்கவில்லை, அந்தச் சந்தோஷத்தைப் பார்த்தபோது வலித்தது. இவளைப் பார்க்கக்கூட ஒருநாள் வரவில்லையே அந்த ஆள், கல்லைப் பார்க்க வருகிறானே என்று நினைத்தபோது பற்றிக்கொண்டு வந்தது.

"அவருக்கு வேற பசங்க இருக்காங்களாம்மா?"

"இருக்காங்களாம்."

மகள் பதக்கத்தைக் கழற்றி மேஜை இழுப்பறையில் போட்டாள். "நீ என்ன பண்ணப் போறே?"

"சொல்லிட்டேன்னா நாளையிலேர்ந்து நீ ஓடிப்போனவன் மக. தெருவுல நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க. உன்னால தாங்க முடியுமா?"

"பெரியம்மா இத்தனை வருஷமா ஓடிப்போனவன் அம்மாவாத்தானே இருந்தாங்க? அதுவும் சும்மாவே" என்றாள் மகள். சொல்லிவிட்டு முகத்தைக் கழுவப் போய்விட்டாள். தண்ணீர் ஓடுகிற சத்தம் நிற்கவே இல்லை.

துறைமுக முகப்பில் வெள்ளைத் துணி போர்த்திய கல் நின்றது. பந்தலில் மேலதிகாரிகள், பக்கத்தில் பேண்டு வாத்தியக்காரர்கள், கயிறு கட்டிய பகுதிக்கு உள்ளே குடும்பங்கள், வெளியே ஊர். பெரியம்மா சொன்னபடியே கடைசியில் ஓரமாக நின்றாள். இஸ்திரி மடிப்பு கலையவில்லை. வெள்ளைச் சீருடை போட்ட இளம் அதிகாரி ஒலிபெருக்கியில் பெயர்களைப் படிக்க ஆரம்பித்தான்.

முதல் பெயருக்கு ஒரு தம்பி "ஆஜர்" என்றான். அடுத்த பெயருக்கு ஒரு மனைவி. சிலர் கத்தினார்கள், சிலருக்குக் குரல் உடைந்தது. ஒரு பெண் சொல்ல முடியாமல் தேம்ப, பக்கத்திலிருந்தவர்கள் சேர்ந்து சொன்னார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். இதையெல்லாம் யோசித்து யோசித்து ஏற்பாடு செய்தவள் தலைவி. ஒவ்வொரு ஆஜரும் இப்போது அவளுக்குச் செருப்படியாக விழுந்தது.

அவள் கூட்டத்தைத் துழாவினாள். தேடவே வேண்டியிருக்கவில்லை. பின்னால் நின்றுவிட்டுப் போகிறேன் என்று சொன்ன ஆள் கயிற்றுக்கு நெருக்கமாக, கல் நன்றாகத் தெரிகிற இடமாகப் பார்த்து நின்றுகொண்டிருந்தான். சாம்பல் நிறத் தொப்பி. தொப்பை போட்டிருந்தது. நல்ல தூக்கம் தூங்குகிற முகம். கழுத்தை எட்டி எட்டித் துணிக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தான். கொஞ்சம் தள்ளி நின்ற சமையல்காரருக்கு வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது.

அதிகாரி அவள் கணவனின் பெயரைப் படித்தான்.

தலைவி பேசவில்லை. அதிகாரி கொஞ்சம் பொறுத்து, துக்கத்தில் தொண்டை அடைத்திருக்கும் என்று நினைத்து, இரக்கத்தோடு இன்னொரு முறை படித்தான். பக்கத்துப் பெண் அவள் முழங்கையை இடித்தாள். "நான் வேணா சொல்லட்டுமா?" என்று கிசுகிசுத்தாள்.

"வேண்டாம்" என்றாள் தலைவி. பிறகு எல்லாருக்கும் கேட்கிற குரலில், "அவரையே சொல்லச் சொல்லுங்க" என்றாள்.

"அம்மா?" என்றான் அதிகாரி.

"அதோ, கயித்துக்கிட்ட, சாம்பல் தொப்பி. அவருதான். உயிரோட நிக்கற மனுஷனுக்கு நான் எதுக்கு ஆஜர் சொல்லணும்? அன்னிக்கும் அவரு கப்பல்ல இல்லை. அவருக்குப் பதிலா பம்ப்காரன் ஆஜர் சொன்னான், அவருக்குப் பதிலா கீழ போயி நின்னான், அவருக்குப் பதிலா செத்தான். எனக்குத் தெரிஞ்சு ஒரு வாரம் ஆச்சு. இதோ இந்தச் சமையல்காரருக்கு அன்னியிலேர்ந்தே தெரியும். கேளுங்க."

சமையல்காரர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். அதைவிடப் பெரிய சாட்சி யாருக்கும் தேவைப்படவில்லை. தொப்பிக்காரன் கம்பி நீட்டப் பார்த்தான். பின்னால் ஊரே நின்றது, ஒருவரும் விலகவில்லை. தொப்பி கீழே விழுந்தது. வழுக்கைத் தலையோடு, கையும் களவுமாகப் பிடிபட்டவன் போல முழித்துக்கொண்டு நின்றான். மகள் அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவன் அவளைப் பார்த்தான், ஆனால் அது யார் என்று அவனுக்குத் தெரிந்ததாகத் தோன்றவில்லை.

கடைசி வரிசையிலிருந்து பெரியம்மா நடந்து வந்தாள். எல்லாரும் வழிவிட்டார்கள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று அவனைக் கேட்டாள்.

"எம் புள்ள எங்க நின்னான்?"

"கீழ" என்றான் அவன்.

"கீழன்னா எங்க? சரியாச் சொல்லு."

"கொதிகலன்கிட்ட. என் இடத்துல. நான் பாத்துக்கறேன், நீ போன்னு அவனேதான்..."

"சொல்லியிருப்பான்" என்றாள் பெரியம்மா. "யாரு கேட்டாலும் இல்லைன்னு சொல்ல வராது அவனுக்கு." அதற்குமேல் அவனிடம் அவளுக்குக் கேட்க ஒன்றுமில்லை. அவன் அங்கே நிற்கிறான் என்பதையே மறந்துவிட்ட மாதிரித் திரும்பினாள்.

தலைவி ஓடிவந்து அவள் கையைப் பிடிக்கப் போனாள். பழக்கதோஷம். பெரியம்மா கையை மெதுவாக இழுத்துக்கொண்டாள். கோபமாகக் கூட இல்லை. வேண்டாத சாமானை வாங்க மறுக்கிறவள் போல இழுத்துக்கொண்டாள்.

"ஒரு வாரமாத் தெரியுமா உனக்கு?"

"சொல்லத்தான் வந்தேன் பெரியம்மா. வாய் வரலை."

"அது கிடக்கட்டும். இவன் ஓடினவன், அந்தச் சமையல்காரன் பயந்தவன், அவங்களை விடு. ஊரும் நம்பலை, அதையும் விடு. நீ எம் பக்கத்துலயே உக்காந்திருந்தியேம்மா. எங்கூடவே இருந்துகிட்டு நீயும்தானே நம்பலை?"

எத்தனையோ பேரை மடக்கிப் பேசின வாய் அது. இல்லை என்று சொல்லியிருக்கலாம், கல்லுக்காகத்தான் என்று சொல்லியிருக்கலாம், நானும் ஏமாந்தவள்தானே என்று ஒப்பாரி வைத்திருக்கலாம்.

"ஆமா பெரியம்மா" என்றாள் தலைவி. "நம்பலை."

பெரியம்மா தலையாட்டினாள். துறைமுகத் தெருவைப் பார்த்துத் தனியாக நடக்க ஆரம்பித்தாள்.

பந்தலில் மேலதிகாரிகள் ஒருவர் காதை ஒருவர் கடித்துக்கொண்டிருந்தார்கள். இளம் அதிகாரி தலைவியிடம் வந்து, "அம்மா, எதுவா இருந்தாலும் அப்புறம் விசாரிச்சுக்கலாம். எல்லாரும் காத்திருக்காங்க. இப்போதைக்குத் துணியை விலக்கிடலாமா?" என்று கெஞ்சினான். சங்கத்துப் பெண்கள் அவள் முகத்தையே பார்த்தார்கள். அவர்களுக்கும் அந்தக் கல் வேண்டும். அவர்களுடைய செத்தவர்கள் நிஜமாகவே செத்தவர்கள்.

"விலக்காதீங்க" என்றாள் தலைவி. "இதை எடுத்துட்டுப் போங்க. இதுல ஒரு பேரை அழிக்கணும், ஒரு பேரைச் செதுக்கணும். அதுவரைக்கும் இது எங்களுக்கு வேண்டாம்."

"எவ்வளவு நாளாகும்னு சொல்ல முடியாதும்மா. மறுபடி முதல்லேர்ந்து..."

"தெரியும். அந்தப் படியெல்லாம் எனக்குத் தெரியும்."

பேண்டு வாத்தியக்காரர்கள் வாசிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் வாத்தியத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். கூட்டத்தில் யாரோ தொப்பிக்காரனின் சட்டையைப் பிடித்திருந்தார்கள். தலைவி அந்தப் பக்கம் பார்க்கவில்லை. கயிற்றைத் தூக்கிக் குனிந்து வெளியே வந்து, துறைமுகத் தெருவில் வேகவேகமாக நடந்தாள். முன்னால் பெரியம்மா போய்க்கொண்டிருந்தாள். எட்டி நாலு அடி வைத்தால் பிடித்துவிடலாம். பக்கத்தில் போக அவளுக்குத் துணிச்சல் வரவில்லை. பெரியம்மா நின்றால் இவளும் நின்றாள், நடந்தால் நடந்தாள். வீட்டு வாசல்வரை பெரியம்மா ஒரு முறையும் திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.